குட்டிக்கரணமும் கச்சான் காற்றும்

சென்ற கச்சான் பருவத்தில் ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலுள்ள என் பள்ளித் தோழர் வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் இருவருக்கும் எழுபது வயது கடந்துவிட்டது. தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது உயர்தர வகுப்பில் படிக்கும் அவருடைய பேரன் தனது கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான். அதில் சிறிய விமானமொன்று வானில் உருண்டும் புரண்டும் தலைகீழாகப் பறந்தும் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தது.

“தாத்தா, இந்த மாதிரி குட்டிக்கரணம் அடிக்கிற ரிமோட் பிளேன் மலிவா எதை வாங்கலாம்? நீங்க பேப்பர்ல இருந்தவர்தானே, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றான்.

பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை மலையகத்தில் இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. நான் பதில் சொல்வதற்கு முன்னர் நண்பரின் முகத்தைப் பார்த்தேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு என்னைவிட நன்றாக விடை சொல்லக்கூடியவர் அவர்தாம் என்பது பேரனுக்குத் தெரியாது. ஏன் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவனுக்குரிய விடை முழுமையாகும். ஆகவே இக்கட்டுரை சற்று நீண்டுவிட்டது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதற் கரணமும் பத்து நாள் காவலும்

விமானத்தைக் கொண்டு வானில் முழு வட்டம் போட்ட முதல் மனிதர் ரஷ்ய இராணுவ விமானி பியோத்தர் நெஸ்தெரோவ். 1913ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி கீவ் நகருக்கு அருகே அவர் இச்சாதனையைச் செய்தார். தரையிறங்கியவருக்குக் கிடைத்தது மாலையன்று. அரசாங்கச் சொத்துக்கு ஆபத்து விளைவித்தார் என்று பத்து நாள் காவல். அதே மாதத்தில் பிரெஞ்சு விமானி அடோல்ப் பெகூ அதே வித்தையைச் செய்து ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்ற பின்னரே நெஸ்தெரோவின் தண்டனை பாராட்டாகவும் பதவி உயர்வாகவும் மாறிற்று.

வான்சாகசத்தின் வரலாறு இவ்வாறு தண்டனையோடு தொடங்கியது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அதில் ஒரு பாடம் உண்டு. கரணம் அடிக்கும் விமானம் எப்போதாவது ஒருநாள் விழும். விழுந்தால் யாருடைய சொத்து, யார் ஈடு செய்வது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. ஆளில்லாத சிறு விமானத்துக்கும் இக்கேள்வி பொருந்தும். “மலிவு” என்ற சொல்லின் உண்மையான பொருள் கடையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டில் இல்லை. விழுந்தபின் மீண்டும் பறக்கவைக்க ஆகும் செலவில்தான் இருக்கிறது.

விளையாட்டுப் பொருளின் பரம்பரை

மாதிரி விமானம் உண்மை விமானத்தின் பிள்ளையன்று, அதற்கு மூத்தது. 1871ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பரிஸ் நகரின் துய்லெரிப் பூங்காவில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர், முறுக்கிய ரப்பர் பட்டியால் சுழலும் சிறு விமானமொன்றை 11 வினாடிகள் பறக்கவிட்டார். இலங்கையின் ஹெனரத்கொடவில் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட 1876க்கும் ஐந்து ஆண்டுகள் முந்திய செய்தி இது. பெனோ வடிவமைத்த வகையைச் சேர்ந்த ரப்பர் முறுக்குப் பறவையொன்றைத்தான் 1878இல் ரைட் சகோதரர்களுக்கு அவர்களின் தந்தையார் வாங்கிக் கொடுத்தார்.

வானொலி அலையால் மாதிரி விமானத்தைக் கட்டுப்படுத்திப் புகழ் பெற்றவர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வால்டர் குட், வில்லியம் குட் என்னும் சகோதரர்கள். 1937இல் அவர்கள் பறக்கவிட்ட “கப்” என்ற விமானம் 8 அடி அகல இறக்கை கொண்டது. 1938இல் டெட்ரொய்ட் நகரில் நடைபெற்ற தேசியப் போட்டியில் அது வெற்றி பெற்றது. அக்காலத்து வானொலிக் கருவிகளை வெற்றிடக் குழாய்களோடும் கனத்த பற்றரிகளோடும் ஒருவர் தாமே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. படிப்பும் பணமும் உள்ளவர்களுக்கே அது வாய்த்தது.

சாமானியர்களுக்கான வழி 1940ஆம் ஆண்டளவில் வேறொரு பக்கமிருந்து வந்தது. விமானத்தின் ஓர் இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய உருக்குக் கம்பிகளை இழுத்து, அவற்றைக் கைப்பிடியொன்றில் கட்டி, நடுவே நின்று சுற்றிச் சுழற்றும் முறை அது. அமெரிக்கரான ஜிம் வோக்கர் இதனைப் பரவலாக்கினார். கைப்பிடியை மேலும் கீழும் சாய்த்தால் வால்தட்டு அசையும், விமானம் கரணம் அடிக்கும், தலைகீழாகவும் பறக்கும். வானொலி இல்லாமலே வான்சாகசம் சாத்தியமாயிற்று.

வானொலி மாதிரிகளுக்கான முதலாவது உலக வான்சாகசப் போட்டி 1960இல் சுவிற்சர்லாந்தில் நடைபெற்றது. அமெரிக்காவின் எட் கஸ்மிர்ஸ்கி வெற்றி பெற்றார். அப்போதைய கருவிகளில் சுக்கானைச் சிறிது திருப்புவதென்பது இல்லை. பொத்தானை அழுத்தினால் முழுவதும் திரும்பும். விட்டால் நடுவுக்கு வரும். கைப்பிடியை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவே சுக்கானும் சாயும் முறை அந்தப் பத்தாண்டில்தான் நிலைபெற்றது. அத்தகைய கருவிகளை உற்பத்தி செய்தவர்களில் ஒருவரான பில் கிராப்ட் 1967இல் தாமே உலக வாகையரானார்.

அதே கிராப்ட் விட்டுச்சென்ற இன்னொரு சொத்து இங்கே முக்கியம். பெட்டி போன்ற உடலும் நேர்க்கோட்டு இறக்கையும் கொண்ட, பார்ப்பதற்கு அழகில்லாத விமானமொன்றை அவர் வடிவமைத்தார். அதன் பெயரே “அக்ளி ஸ்டிக்”, அதாவது அவலட்சணக் குச்சி. போட்டி விமானத்துக்குரிய வளைவுகள் அதில் இல்லை. ஆனால் கரணம் அடித்தது, உருண்டது, தலைகீழாகப் பறந்தது. விழுந்தால் ஒரே மாலையில் ஒட்டிவிடலாம். உலக வாகையர் ஒருவரின் பெயரோடு அதிகமாகப் பேசப்படுவது அவருடைய போட்டி விமானமன்று, இந்தப் பெட்டிதான்.

வேலிக்கு வெளியே நின்றவர்கள்

நிற்க. இந்த வரலாறு ஊவாவுக்கு எப்படி வந்தது?

1924இல் பதுளைவரை புகையிரதம் வந்தது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இங்கு தேயிலை வேரூன்றிவிட்டது. 1890இல் இலங்கை வந்த தோமஸ் லிப்டன் வாங்கிய தம்பேதன்னை, ஹப்புத்தளைப் பக்கத்தில்தான் உள்ளது. துரைமாருக்கு பங்களாவும் கிளப்பும் இருந்தன. எங்களுக்கு லயமும் பிரட்டுக் களமும் இருந்தன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் எங்களில் பெரும்பாலோருக்கு நாடும் இருக்கவில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும். தோட்டத்துக் கிளப் மைதானத்தில் வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கம்பி விமானம் விடுவார். ஈதரும் மண்ணெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருளின் மணம் வேலிவரை வரும். அந்தச் சிறு எஞ்சினின் அலறல் லயம்வரை கேட்கும். நானும் நண்பரும் வேலிக்கு வெளியே நின்று, விமானம் மேலெழுந்து கவிழ்ந்து கீழிறங்கும் ஒவ்வொரு தடவையும் மூச்சை அடக்கிக்கொள்வோம். உள்ளே வரச்சொல்லி யாரும் அழைத்ததில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

நண்பரின் தந்தையார் ஸ்டோரில் வேலை செய்தவர். அக்காலத்தில் தேயிலை மூவொட்டுப் பலகைப் பெட்டிகளில் ஏற்றுமதியானது. உள்ளே ஈயத்தாள் அல்லது அலுமினியத்தாள் விரித்திருப்பார்கள். உடைந்து கழிக்கப்பட்ட பெட்டிப் பலகைகளைக் கொண்டு நண்பர் விமானம் செய்யத் தொடங்கினார். உடலுக்குப் பெட்டிப் பலகை, இறக்கைக்கு மூங்கிற் சிம்பு, போர்த்துவதற்குப் பட்டத்தாள், ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசை. எஞ்சின் இல்லை; வாங்க வழியும் இல்லை. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதித் தடைக் காலத்தில் கைக்கடிகாரமே அபூர்வப் பொருளாக இருந்தது.

ஸ்டோருக்கு மேலேயுள்ள மலை விளிம்பில் நின்று, காற்றுக்கு எதிராக அதை எறிவார். முதல் ஐந்தாறு விமானங்கள் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து நொறுங்கின. ஒருநாள், கச்சான் காற்று பலமாக அடித்த ஜூலை மாதத்தில், எறிந்த விமானம் விழவில்லை. மலை விளிம்பில் மேலெழுந்து நின்றது. பிறகு மூக்கைத் தாழ்த்தி வேகமெடுத்து, தானாகவே முழுக் கரணம் ஒன்று அடித்து, மீண்டும் மேலெழுந்தது. அதைச் செய்யச்சொல்லி யாரும் கட்டளையிடவில்லை. எஞ்சினும் இல்லை. சின்னத்துரையின் விமானம் செய்ததைக் கழிவுப் பலகை செய்தது.

1977க்குப் பின் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. கொழும்பில் கடையொன்றில் வேலை பார்த்த நண்பரின் அண்ணன், பழைய வானொலிக் கட்டுப்பாட்டுப் பெட்டியொன்றை வாங்கி அனுப்பினார். 27 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் இரண்டு தட அமைப்பு அது. நீட்டினால் ஒரு மீற்றருக்கு மேல் வரும் ஏரியல். சுக்கானுக்கு ஒரு தடம், ஏற்றி இறக்கும் வால்தட்டுக்கு மற்றொன்று. மூன்று ஆண்டுகள் அந்த மலை விளிம்பில் நண்பர் கரணம் அடித்தார். அந்தக் கரணங்களைப் பார்த்தவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்களும் நானும் மட்டுமே.

1983ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் திகதி வன்செயல் பதுளை நகரை அடைந்தது. தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. தொடர்ந்து வந்த வாரங்களில், ஏரியல் வைத்த பெட்டியொன்று தமிழ் இளைஞன் ஒருவனின் வீட்டில் இருப்பதன் பொருள் என்னவென்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட அதைவிடக் குறைந்த காரணமே போதுமாயிருந்தது. ஓர் இரவு நண்பர் அந்தப் பெட்டியைச் சுத்தியலால் உடைத்து, சாக்கில் கட்டி, கல்லோடு சேர்த்து ஓயாவில் போட்டார். விமானங்களை அவருடைய தாயார் அடுப்பில் வைத்தார். அதன் பின்னர் அவர் அதைப் பற்றி எவரிடமும் பேசியதில்லை.

அச்சம் வீணானதென்று சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் புகுந்த கும்பல் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. 2007ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் திகதி விடுதலைப் புலிகளின் இலகுரக விமானம் கட்டுநாயக்கவில் குண்டு வீசியபின், வானத்தில் பறக்கும் எந்தச் சிறு பொருளும் சந்தேகத்துக்குரியதாயிற்று. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளைத் தொடர்ந்து ஆளில்லா விமானங்களைப் பறக்கவிடுவது நாடெங்கும் தடை செய்யப்பட்டுப் பின்னர் அத்தடை நீக்கப்பட்டது. மாதிரி விமானம் எங்கள் பக்கத்தில் பரவாமைக்குப் பணமின்மை பாதிக் காரணமே. மற்றப் பாதி, வானத்தை நிமிர்ந்து பார்க்கும் துணிவை இழந்தமை.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் நான்கு மாற்றங்கள் ஏறத்தாழ ஒன்றாக வந்தன. லித்தியம் பொலிமர் பற்றரி முந்திய பற்றரிகளைவிடப் பன்மடங்கு இலகுவாயிற்று. தூரிகையற்ற மோட்டார் எண்ணெய் எஞ்சினின் இடத்தைப் பிடித்தது. 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவிகள் வந்தபின், இருவர் ஒரே அலைவரிசையில் மோதி விமானத்தை இழக்கும் அவலம் ஒழிந்தது. நீண்ட ஏரியலும் மறைந்தது. பால்சா மரத்தின் இடத்துக்கு நுரைப் பலகைகள் வந்தன.

இருந்தும் கணக்கைப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2024இன் பிற்பகுதியில் ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 300 ரூபாய். நூறு டொலர் பெறுமதியான விமானமொன்று, வரியும் அனுப்புகூலியும் சேராமலே, அன்றைய கணக்கில் 22 நாட் கூலி. அது ஒரே நிமிடத்தில் கிரவிலியா மரத்தில் மோதினால், 22 நாள் கொழுந்து மண்ணோடு போகும். எனவே தம்பி கேட்ட “மலிவு” என்ற சொல்லை இலகுவாக எடுத்துக்கொள்ள முடியாது.

கடைகளில் இப்போது பரவலாகக் கிடைப்பவை 400 மில்லிமீற்றர் அகலமுள்ள நுரை விமானங்கள். உள்ளே ஜைரோ சமநிலைக் கருவி உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் தானாகவே உருளும். பறக்கப் பழகுவதற்கு நல்லதுதான். ஆனால் பொத்தான் அடிக்கும் கரணம் பொத்தானுடையது, நம்முடையதன்று. மேலும் அறுபது எழுபது கிராம் எடையுள்ள அந்தப் பொருளை ஹப்புத்தளைக் காற்று ஒரே வீச்சில் வெல்லவாயாவுக்குக் கொண்டுபோய்விடும்.

உண்மையான வான்சாகச விமானத்துக்கு வேண்டியவை இவை: இறக்கையின் மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒரே வளைவாக இருத்தல், அப்போதுதான் தலைகீழாகவும் சமமாகப் பறக்கும், உருளுவதற்கு இறக்கை நுனிகளில் எயிலரோன் எனப்படும் அசையும் தட்டுகள், இறக்கையின் பரப்புக்குக் குறைந்த எடை, மோட்டார் வைத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 300 வாற்று வலு. இவற்றோடு மலையகத்துக்கே உரிய இன்னொரு கணக்கும் உண்டு. 1,400 மீற்றர் உயரத்திலுள்ள ஹப்புத்தளையில் வளியின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 13 சதவீதம் குறைவு. கொழும்புக் கடற்கரையில் நிதானமாகப் பறக்கும் அதே விமானம் இங்கு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான வேகத்தில் பறந்தால்தான் விழாது. தாழ்நாட்டில் பொருத்தமான எடை இங்கு சற்று அதிகம். குறைந்த எடையே முதல் விதி.

காற்றுக்கு விலை இல்லை

இனி என் விடை. முதலாம் உலகப் போரில் தோற்ற ஜேர்மனிக்கு வெர்சாய் உடன்படிக்கை இயந்திர விமானங்களைத் தடை செய்தது. மாணவர்கள் 1920இல் வாசர்குப்பே என்ற மலையேறி, மோட்டார் இல்லாத விமானங்களைக் காற்றில் மிதக்கவிட்டார்கள். மலைச்சரிவில் மோதும் காற்று மேல்நோக்கித்தான் எழும். அந்த ஏற்றத்தில் நிற்பவனுக்கு எஞ்சின் தேவையில்லை. மறுக்கப்பட்டவர்கள் கண்ட வழி அது. என் நண்பரும் அவ்வழியைத்தான், எந்த நூலும் படிக்காமல், ஸ்டோருக்கு மேலே கண்டுகொண்டார்.

ஊவாவுக்கு இயற்கை தந்திருப்பது இந்தக் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்து ஊவாப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அது கொழுந்தை வாட்டுவதால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் விரும்பும் அந்தத் தனி மணம் பிறக்கிறது. தேயிலைக்கு விலை ஏற்றிய காற்று விமானத்துக்கும் உதவும்.

ஆகவே தம்பிக்கு நான் பரிந்துரைப்பது மோட்டார் இல்லாத சரிவுப் பறப்பு இறக்கை. வாலும் உடலும் இல்லாத, ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலமுள்ள, அரைக் கிலோவுக்கு மேற்படாத முக்கோண இறக்கை. ஈ.பி.பி. எனப்படும் நெகிழும் நுரையால் ஆனது என்றால், மரத்தில் மோதினாலும் பந்துபோல் எகிறி விழும். இரண்டு சேர்வோ மோட்டார்கள் போதும். இரு தட்டுகளும் ஒன்றாக அசைந்தால் விமானம் ஏறி இறங்கும். எதிரெதிராக அசைந்தால் உருளும். மூக்கைத் தாழ்த்தி வேகமெடுத்துப் பின்னிழுத்தால் கரணம். மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பெரிய பற்றரி ஆகியவற்றின் செலவு மிச்சம். மிச்சமான பணத்தைக் கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் போட வேண்டும். பறப்பது விழும், பெட்டி பல விமானங்களைக் காணும்.

ஈ.பி.பி. கிடைக்காவிட்டால், பொதிகளில் வரும் ரிஜிபோம் உண்டு. சூடாக்கிய கம்பியால் வெட்டி, பார்சல் டேப்பால் சுற்றிப் போர்த்தலாம். உடனடிப் பசைகள் அதைக் கரைத்துவிடும். மரவேலைக்கான வெள்ளைப் பசையே ஏற்றது. கரணம் பழகியபின், அதே சேர்வோக்களையும் வாங்கியையும் கழற்றிப் பெட்டி உடலுள்ள விமானமொன்றுக்கு மாற்றி, அப்போது மோட்டார் வாங்கலாம். அதற்கு முன் பிகாசிம் போன்ற இலவசப் பாவனைச் செயலியில் பழகுவதற்குக் காசு தேவையில்லை. முதல் பத்து விமானங்களை அதிலே உடைத்துவிடலாம்.

சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். கச்சான் காலத்தில் ஹப்புத்தளை மலைத்தொடரின் தெற்கு விளிம்பு காற்றை எதிர்கொள்ளும் பக்கம். பதுளைப் பக்கச் சரிவுகளில் காற்று இறங்கிச் சுழலும். அங்கே எறிந்தால் விமானம் மண்ணுக்குத்தான் போகும். டிசெம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது இது தலைகீழாகும். பிற்பகல் மூடுபனி ஐந்து நிமிடத்தில் மலையை மறைக்கும். விமானம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது இல்லாமற் போனதாகவே கொள்ள வேண்டும்.

கொழுந்து பறிப்பவர்களின் தலைக்கு மேலே ஒருபோதும் பறக்கவிடக்கூடாது. நிழல் மரங்களில் குளவிக்கூடுகள் உண்டு. குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போவது நம் மலைகளில் அடிக்கடி நடப்பது, உயிர்களும் போயிருக்கின்றன. ஒரு பையனின் விமானம் அந்தக் கூட்டைக் கலைத்தால், கரணத்தின் விலையைக் கொடுப்பவர்கள் அந்தப் பெண்கள். லித்தியம் பற்றரியை லயத்துக்குள் வைத்து மின்னேற்றிவிட்டு உறங்கக்கூடாது. ஓர் அறையில் பற்றும் தீ வரிசை முழுவதையும் எரிக்கும் என்பதை நாம் பல தடவை பார்த்திருக்கிறோம்.

அனுமதி விடயத்தில் அலட்சியம் வேண்டாம். வானொலியால் இயங்கும் ஆளில்லா விமானங்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டவை. வாங்குவதற்கு முன்பே நடைமுறையைக் கேட்டறிந்து, தோட்ட நிர்வாகத்திடமும் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். இராணுவப் பயிற்சி நிலையங்கள் உள்ள தியத்தலாவைப் பக்கம் போகவே கூடாது. இந்தியாவில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானக் கலை பாடமாகவே இருக்கிறது. நம் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஓர் ஆசிரியர் இதைக் கழகமாகத் தொடங்கினால், பயமின்றிப் பறக்கவிடும் முதல் தலைமுறையை நாம் காணலாம். பையன் தனியே நின்றால் சந்தேகம். பாடசாலையோடு நின்றால் அது கல்வி.

இதை எழுதுவதற்கு முன் நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, அந்த ஓயாக் கதையை எழுதலாமா என்று கேட்டேன். நீண்ட நேரம் பேசாமலிருந்தார்.

“எழுது. பேரை மட்டும் போட்டுறாத” என்றார்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பெட்டி ஓயாவில் எப்போதோ மக்கியிருக்கும். அவருக்குள் இருக்கும் அச்சம் இன்னும் மக்கவில்லை. ஆகவே பெயர் போடவில்லை.

மறுநாள் பேரன் அழைத்தான். “தாத்தா, நீங்க எங்க தாத்தாகிட்ட என்ன சொன்னீங்க? காலைல இருந்து ரிஜிபோம் பெட்டியைப் பிரிச்சு வச்சு அளந்துக்கிட்டு இருக்காரு” என்றான்.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. அவரிடமே கேள்.